கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுயஉருவம்

தோழிகளே, நண்பர்களே, வணக்கம்.

ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் திரும்பிய பக்கமெல்லாம் பெண்ணுடல்தான். ஆனால் பாரிசின் அரசுக் கலைப்பள்ளி பெண்களை மாணவிகளாகச் சேர்த்துக்கொண்டதே 1897-இல்தான். அதற்கு முன்பும் பெண்கள் வரைந்தார்கள், எத்தனையோ தடைகளைத் தாண்டி.

அப்படி வரைந்தவர்களில் ஜெர்மனியின் ஓவியர் பாவுலா மோடர்ஸோன்-பெக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1906 பிப்ரவரியில் கணவரைப் பிரிந்து பாரிசுக்குப் போகிறார். நான் இனி மோடர்ஸோன் இல்லை, பாவுலா பெக்கரும் இல்லை, நான் நான்தான் என்று கவிஞர் ரில்கேவுக்கு எழுதுகிறார். மே மாதம், தன் திருமண நாளன்று, மேலாடையின்றித் தன்னையே வரைகிறார். கைகள் வயிற்றை அணைத்திருக்கின்றன. பார்த்தால் கர்ப்பிணி. உண்மையில் அப்போது அவர் கர்ப்பமாக இல்லை. கையொப்பத்தில் கணவரின் குடும்பப் பெயரும் இல்லை.

அந்த வயிற்றில் இருப்பது அவருடைய கலை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. தாய்மையின் மேல் ஆசை, அது தன்னை விழுங்கிவிடுமோ என்ற பயம், இரண்டும் ஒரே பெண்ணுக்குள் இருக்கலாம் இல்லையா? வார்த்தைகளில் சொல்வதென்றால் இந்த இரண்டில் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். கேட்பவர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். படத்தில் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. எது உண்மை என்று அவர் முடிவு செய்யத் தேவையே இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில், மகள் பிறந்த மூன்று வாரங்களுக்குள் அவர் இறந்துபோனார். வயது 31. இதைச் சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

அப்புறம், ஆஸ்திரியாவின் மரியா லாஸ்நிக். கண்ணாடியில் தெரிவதை விட்டுவிட்டு, உடலுக்குள் உணர்வதை வரைந்தவர். வரையும் நேரத்தில் உணராத பாகம் படத்தில் இடம்பெறாது. அதனால்தான் அவருடைய பல உருவங்களுக்குத் தலைமுடி இல்லை, சிலவற்றுக்குக் காதும் இல்லை. அழகாக இருக்கிறேனா என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. அதுதான் எனக்குப் பெரிய விடுதலையாகப் படுகிறது.

‘எனக்கு வரையத் தெரியாதே’ என்கிறீர்களா? சரி, முகத்திலிருந்து தொடங்காதீர்கள். கண்ணை மூடுங்கள். தோளோ, முதுகோ, அடிவயிறோ, இப்போது எது உங்களிடம் பேசுகிறதோ, அதற்கு ஒரு நிறம் கொடுங்கள். வலித்தால் பெரிதாக வரையுங்கள். முதல் சில படங்களை யாருக்கும் காட்டாதீர்கள். காட்டப்போகிறோம் என்று நினைத்தாலே கை மற்றவர்களுக்காக வரையத் தொடங்கிவிடும்.