கயிறுக்கும் நண்டு விலையா? சேத்து நண்டு வாங்குறவங்க கவனத்துக்கு

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கடுப்புலதான் பேசப்போறேன். போன நண்டு வீடியோவுக்குக் கீழ பாதி கமெண்ட் இதுதான்: "300 கிராம் இருந்துச்சு, பெரிய நண்டுதானே?" எடையை மட்டும் வெச்சு சொல்ல முடியாதுங்க. நம்ம பக்கம் ரெண்டு இனம் வருது. கொடுக்கோட மணிக்கட்டுல வெளிப்பக்கம் ரெண்டு கூர் முள்ளு, காலெல்லாம் வலைக்கோடு இருந்தா ஸ்கில்லா செர்ராட்டா. கிலோவைத் தாண்டி வளர்ற சாதி. முள்ளு மழுங்கியிருந்தா ஒலிவேசியா, சின்ன சாதி. சின்னதுல 300 கிராம்னா வளர்ந்த நண்டு. பெரிய சாதியில 300 கிராம் பொட்டை, பெரும்பாலும் ஒரு தடவைகூட முட்டை வெச்சிருக்காது.

அதனால திருப்பிப் பாருங்க. பொட்டை நண்டுக்கு அடிவயித்து மூடி முக்கோணமா, வெளிறி இருந்தா வயசுக்கு வரலை. அகலமா, வட்டமா, கருத்து, ஓரத்துல மயிரோட இருந்தாதான் வளர்ந்த நண்டு.

இப்ப கயிறு. இதைச் சொல்லாம விடமாட்டேன். கொடுக்கைக் கட்ட மெல்லிசு கயிறு போதும். ஆனா தடிமனான கயித்தைத் தண்ணியில ஊறவெச்சு நாலு சுத்து சுத்துறாங்க. ஒரு நண்டுக்கு 50 கிராம் கயிறுன்னு வைங்க, பத்து நண்டுல அரைக்கிலோ! கயித்துக்கு நண்டு விலை! இதுல சேறு வேற. கழுவிட்டு எடை போடச் சொல்லுங்க, கயித்துக்குக் கழிச்சுக்கச் சொல்லுங்க. முறைப்பாங்க, பரவாயில்ல.

அப்புறம், கடைசிக் கால் அடியில கட்டைவிரலால அமுக்குங்க. அமுங்கினா இப்பதான் ஓடு கழட்டியிருக்கு, உள்ள தண்ணிதான். அதைக் குட்டையில விட்டு மீன் கழிவு போட்டா மூணு நாலு வாரத்துல சதை பிடிச்சிரும். அவசரப்பட்டு வித்தா ரெண்டு பேருக்கும் நட்டம்.

முட்டை நண்டு ருசின்னு தேடுறீங்களே, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பின்பக்கம் ஓடும் மூடியும் சேர்ற இடுக்குல ஆரஞ்சு தெரிஞ்சா, அது கடலுக்குக் கிளம்புற தாய். லட்சக்கணக்குல முட்டை வைக்கும். குஞ்சுக்குக் கடல் உப்பு வேணும், மழைக்கால ஆத்துத் தண்ணியில பிழைக்காது. ஆனா முத்துப்பேட்டை லகூன், அதான் கடலோரக் காயல், அதோட முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடக்கு. தாய் வெளிய போறதும் அந்த வழி, குஞ்சு திரும்பி வர்றதும் அந்த வழி. மேட்டூர் அணையை வழக்கமா ஜனவரி 28ல மூடுவாங்க, காவிரித் தண்ணி வர்றது நின்னுரும். பாமணியாறும் கோரையாறும் வத்தினதும் கோடையில லகூன் தண்ணி கடலைவிட உப்பாயிடும், குட்டி வளராது. குட்டி ஒதுங்குற அலையாத்தி மரங்களை 2018 நவம்பர்ல கஜா புயல் சாய்ச்சதை நான் சொல்லணுமா?

வளர்க்க நினைக்குறவங்க காட்டுக் குட்டியைப் பிடிக்காதீங்க. சீர்காழி பக்கம் தொடுவாயில ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தோட குஞ்சு பொரிப்பகம் இருக்கு, அங்க கேளுங்க.

ஆங், ஆண் நண்டை விட்டுட்டேன். அதுக்கு மூடி எந்த வயசுலயும் குறுகலாத்தான் இருக்கும், அதை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. கொடுக்கைப் பாருங்க. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெருசா இருந்தா எடுங்க, இல்லைன்னா வேற கூடை.