மோட்டார் ஓடும், மூக்கு ஓடாது

நேயர்களுக்கு வணக்கம்.

மொழிபெயர்ப்பு என் பிழைப்பு. கதை, கவிதை எல்லாம் இல்லை. மிக்ஸியோடு, கிரைண்டரோடு, தண்ணீர் மோட்டாரோடு ஒரு சின்னப் புத்தகம் தருவார்களே, பெட்டியைப் பிரித்ததும் நீங்கள் படிக்காமல் பரணில் போடுவீர்களே, அந்தப் புத்தகம். அதைத் தமிழில் எழுதுகிற ஆள் நான்.

இந்த வேலைக்கு வந்த புதிதில், கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செய்கிற ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது: ‘டூ நாட் ரன் த பம்ப் டிரை.’ ஆறே சொல். நான் அகராதியைப் புரட்டி, ‘பம்பை உலர்ந்த நிலையில் இயக்க வேண்டாம்’ என்று எழுதினேன். அச்சுக்குப் போகும் முன் அங்கே இருந்த மூத்த ஃபிட்டர் ஒருவரிடம் படித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“இதென்னங் தம்பி ஒலர்ந்த நெலை? பம்ப் மேல தண்ணி தெளிச்சுப்போட்டுத்தான் சுவிட்சைப் போடோணுங்களா?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்புறம் அவரே ஒரு பழைய பம்பைத் திறந்து, உள்ளே தண்ணீர் கசியாமல் தடுக்கிற ‘சீல்’ என்ற வளையத்தைக் காட்டினார். ஓரம் கருகி, விரல் வைத்தால் உதிர்ந்தது. உள்ளே தண்ணீர் இருந்தால்தான் அந்த சீல் சூடேறாமல் இருக்கும். தண்ணீர் ஏறாமல் மோட்டார் சும்மா சுற்றினால் கொஞ்ச நேரத்தில் இந்தக் கதிதான். “தண்ணி இல்லாம மோட்டாரை ஓட விடாதீங்கன்னு எழுதிப்போடுங்க. அவ்வளவுதானுங்க” என்றார். அப்படியே எழுதினேன். இன்றுவரை நான் எழுதியதில் நல்ல வரி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அது நான் எழுதியது இல்லை என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு என்னைக் கவிழ்த்த சொல் ‘டிரை’ மட்டும் இல்லை, அதோடு சேர்ந்து நின்ற ‘ரன்’னும்தான். ஓடு என்று மூன்றாம் வகுப்பில் படித்த அதே ரன். ஆங்கிலத்தில் அதிகப் பொருள் உள்ள வினைச்சொல் எது என்றால் வெகுகாலம் ‘செட்’ என்ற சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1989இல் இருபது தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்கு 430 பொருள். விளக்கமே அறுபதாயிரம் சொல். பிறகு அந்த அகராதியைத் திருத்தும் வேலை நடந்தபோது பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் ‘ரன்’னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது மாதம் ஆயிற்று. 2011இல் கணக்கு வெளியே வந்தபோது, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள். ஒரே சொல்லோடு ஒன்பது மாதம்! அவர் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்களோ.

மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஏன் இத்தனை? அந்தச் சொல் பிறந்ததிலிருந்தே காலோடு மட்டும் நிற்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று ஒரு வடிவம், ‘இயர்னன்’ என்று இன்னொரு வடிவம். நாம் தசையைச் சதை என்று சொல்கிறோமே, அதுபோல எழுத்து இடம் மாறியிருக்கிறது. மனிதன் ஓடுவதற்கும் தண்ணீர் பாய்வதற்கும் அந்த ஒரே சொல்தான். அதன் ஜெர்மன் உறவான ‘ரின்னன்’ இன்றைக்கும் தண்ணீர் வழிவதைத்தான் குறிக்கிறது. அதனால் ஆறு ‘ரன்’ ஆவது உவமை இல்லை, அதன் சொந்தப் பொருள். நமக்கும் இது புதிதில்லை. ஓடுகிற நீருக்கு ஓடை என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்?

பிறகு நீராவி எந்திரம் வந்தது, ரயில் வந்தது, ஆலை வந்தது. கால் இல்லாதவை எல்லாம் ஓட ஆரம்பித்தன. அதற்கும் பிறகு கம்ப்யூட்டர். அங்கே எதுவும் அசைவதுகூட இல்லை, ஆனாலும் புரோகிராம் ‘ரன்’ ஆகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, தமிழும் ஆங்கிலமும் எங்கே கைகோத்துப் போகின்றன, எங்கே கையை விடுகின்றன என்று பார்ப்பதுதான். பஸ் அங்கேயும் ஓடுகிறது, இங்கேயும் ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. லண்டனில் அகதா கிறிஸ்டியின் ‘த மவுஸ்ட்ராப்’ நாடகம் 1952இல் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தும்வரை ஓடியது. அங்கேயும் அதே வினைதான். இதுவரை சரி.

ஆனால் ஆங்கிலத்தில் கடையை ‘ரன்’ பண்ணுகிறார்கள். நாம் கடையை ஓட்டுகிறோம் என்றால், ஏதோ தட்டுத்தடுமாறிக் காலம் தள்ளுகிறோம் என்று அர்த்தம். ஒழுங்கான கடை என்றால் நடத்துகிறோம். குடும்பம் நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம். வெள்ளைக்காரன் ஓட விடுகிற இடத்தில் நாம் நடக்க விடுகிறோம். தேர்தலில் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ பண்ணுகிறார். பிரிட்டனில் அதே வேட்பாளர் நிற்கிறார், ‘ஸ்டேண்ட்’. நம் ஊரிலும் நிற்கிறார். ஜெயித்தபின் யார் ஓடுகிறார், யார் நிற்கிறார் என்பது இந்த உரைக்கு வெளியே.

மூக்கு அவர்களுக்கு ஓடும், நமக்கு ஒழுகும். துணியின் சாயம் அவர்களுக்கு ஓடும், நமக்குப் போகும். சர்க்கரை தீர்ந்துபோனால் நாம் சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஷுகர்’. அங்கே ஓடியது நாம்! டப்பா பாட்டுக்கு அதன் இடத்தில்தான் இருக்கிறது, காலி.

சரி, காய்ச்சலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஆள் காய்ச்சலை ‘ரன்’ பண்ணுகிறான். தமிழில் காய்ச்சல் அடிக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஆங்கிலத்துக்கு ரன் எப்படியோ, நமக்கு அடி அப்படி. தமிழ் கற்றுக்கொள்ள வருகிற ஒரு வெளிநாட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். அடி என்றால் கையால் ஓங்கி வைப்பது என்று சொல்லிக் கொடுத்து அனுப்புகிறோம். தெருவில் இறங்கினால் வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, மணி அடிக்கிறது, மல்லிகை வாசம் அடிக்கிறது. பெயின்டர் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார். பையன் கிணற்றில் பல்டி அடிக்கிறான், பரீட்சையில் காப்பி அடிக்கிறான், திண்ணையில் அரட்டை அடிக்கிறான், சாயங்காலம் சைட் அடிக்கிறான். அவன் சித்தப்பா தண்ணி அடிக்கிறார். அதே தண்ணியை அவன் அம்மா அடிபம்பில் அடித்தால் குடும்பத்துக்கே குடிநீர். யாரும் யாரையும் தொடவில்லை! நமக்கு இதில் ஒன்றுகூடக் குழம்புவதில்லை. ஏனென்றால் அடியை யாரும் தனியாகப் படித்ததில்லை. வெயிலோடு சேர்த்துக் கேட்டோம், மணியோடு சேர்த்துக் கேட்டோம். ரன்னின் 645 பொருளையும் இப்படித்தான் படிக்க முடியும். எது ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மூக்கா, மோட்டாரா, வேட்பாளரா? அது தெரிந்தால் பொருள் தானாக வந்து நிற்கும்.

பிள்ளைகள் இதற்குக் குறுக்குவழியாகப் பிடிப்பது ஒத்தசொல் பட்டியல். ரன்னுக்குப் பதில் ஸ்பிரின்ட், டேஷ், ஸ்கேம்பர், போல்ட் என்று ஒரு பக்கத்துக்கு இருக்கும். இப்படிப் பொருள் வாரியாகச் சொற்களை அடுக்கிப் பேர் வாங்கியவர் பீட்டர் மார்க் ரோஜெட், லண்டனில் மருத்துவர். அவர் தொகுப்பு 1852இல் வந்தது. நிகண்டுகள் என்ற நம் பழைய அகராதிகள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அந்த வேலையைப் பாட்டாகவே செய்துவிட்டன. திவாகரம் என்ற நிகண்டில் ஒரே சொல் பல பொருளில் வருவதற்கென்றே பதினோராம் தொகுதி இருக்கிறது.

பட்டியல் தப்பில்லை. பட்டியலில் இருக்கிற எல்லாம் ஒன்று என்று நினைப்பதுதான் தப்பு. ‘ஸ்கேம்பர்’ என்றால் எலியோ அணிலோ குழந்தையோ குடுகுடுவென்று ஓட வேண்டும். தாசில்தார் அப்படி ஓடினார் என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். ‘போல்ட்’ முதலில் அம்பைக் குறித்த சொல். மிரண்ட குதிரை கட்டை அறுத்துக்கொண்டு பாய்வதற்கும் அதுவே. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதும் போல்ட், தாழ்ப்பாள் போடுவதற்குள் தப்பி ஓடுவதும் போல்ட். 2009இல் பெர்லினில் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய உசேன் போல்ட்டுக்கு அது குடும்பப் பெயராகவே வாய்த்தது என்றால், சில சமயம் அகராதிக்கும் குறும்பு உண்டு.

ரன்னுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற குட்டிச் சொற்களிடம் நான் இன்னும் அடி வாங்குகிறேன். ‘ரன் இன்டு’ என்றால் விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொள்ளலாம், பழைய வாத்தியாரை எதேச்சையாகச் சந்திக்கலாம். ‘ரன் ஓவர்’ என்றால் லாரி ஆளை ஏற்றிவிட்டதாகவும் இருக்கலாம், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போனதாகவும் இருக்கலாம். மொழிபெயர்ப்பவன் அடுத்த சொல்லைப் பார்க்காமல் பேனாவைத் திறந்தால் வாத்தியாருக்கு மாவுக்கட்டுப் போட வேண்டியதுதான்.

2021 ஜனவரி முதல் வாரம். கொரோனாத் தடுப்பூசி போடுவதற்கு முன்னோட்டமாக நாடு முழுக்க ‘டிரை ரன்’ நடக்கிறது என்று செய்தி. தமிழ்ப் பத்திரிகைகள் ஒத்திகை என்று அழகாகப் போட்டிருந்தன. டிவியில் மட்டும் சிலர் டிரை ரன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று மதியம் எனக்கு ஒரு போன். அதே ஃபிட்டர். ஓய்வுபெற்றுப் பல வருடமாகிவிட்டது, குரல் மட்டும் மாறவில்லை.

“ஏனுங் தம்பி, ஊசிக்கு டிரை ரன்னுங்கறாங்களே. அப்ப மருந்து இல்லாமத்தான் ஓட்டிப் பாக்கறாங்களா?”

“ஆமாங்கண்ணா” என்றேன். “மருந்து இல்லாமத்தான்.”

“அப்படிச் சொல்லுங்க” என்றார். “நான்கூட சீல் போயிருமோன்னு நெனச்சேன்.”

நன்றி, வணக்கம்.