தொட்டிலருகே நிற்பவள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு வந்தவளே அந்த வீட்டுக்கு எமனாக மாறும் கதையைத் திகில் படங்கள் பல பத்தாண்டுகளாகச் சலிக்காமல் சொல்லி வருகின்றன. அவள் ஒரு பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாள். பெட்டிக்குள் ஒரு வேரோ பொடியோ, வீட்டாருக்குப் புரியாத மொழியில் ஒரு முணுமுணுப்போ இருக்கும். இத்தகைய படங்களைத் தொடர்ந்து பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. இவற்றில் குழந்தை பெரும்பாலும் அஞ்சுவதே இல்லை. அது அவள் மடியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. அஞ்சி நடுங்குபவர்கள் அவளுக்குச் சம்பளம் கொடுப்பவர்கள்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். சங்க அகப்பாடல்களில் வரும் செவிலித்தாய், பெற்ற தாயோடு சேர்ந்து மகளுக்காகக் கலங்குகிறாள். அவள்மேல் யாருக்கும் ஐயம் கிடையாது. ஆயா என்ற சொல்லின் கதை வேறு. அது போர்த்துக்கீசிய மொழியில் பிறந்து, கடல் கடந்து வந்த எசமானர்களின் வீடுகள் வழியாகப் பரவிய சொல். அதற்குள் அன்பும் இருக்கலாம், ஆனால் கூலி கட்டாயம் இருக்கிறது. திகில் படங்கள் பேசுவது இந்த இரண்டாமவளைப் பற்றியே.

இந்த அச்சம் திரைப்படத்தைவிட மிகப் பழையது. 1692ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த மசாசூசெட்ஸ் குடியேற்றத்தின் சேலம் கிராமத்தில், சாமுவேல் பாரிஸ் என்ற பாதிரியாரின் வீட்டில் இரண்டு சிறுமியர் வலிப்பு வந்தவர்களைப் போலத் துடித்தார்கள். அந்த வீட்டில் டிட்யூபா என்றொரு அடிமைப் பெண் இருந்தாள். அண்டை வீட்டு ஆங்கிலேயப் பெண் ஒருத்தி சொன்ன யோசனைப்படி, சிறுமியரின் சிறுநீரைக் கம்புமாவைப் போன்ற ரை மாவில் பிசைந்து அடை சுட்டு நாய்க்குப் போட்டார்கள். சூனியம் வைத்தவரைக் கண்டுபிடிக்க இங்கிலாந்திலிருந்து வந்த பழைய வழி அது. பழி விழுந்ததோ டிட்யூபாவின் தலையில். நீதிமன்றப் பதிவுகள் அவளை ‘இந்தியப் பெண்’ என்றே, அதாவது அமெரிக்கப் பழங்குடிப் பெண் என்றே குறிக்கின்றன. பிற்காலக் கதைகள்தாம் அவளை ஆப்பிரிக்கப் பெண்ணாக்கி, அடுப்பங்கரையில் சிறுமியரைச் சுற்றி உட்கார வைத்து வூடூ என்னும் ஆப்பிரிக்க வழிச் சமயத்தின் சடங்குகளைக் கற்றுக்கொடுத்தவளாகச் சித்திரித்தன. எசமானரின் இனத்தார் செய்த மந்திரம் வேலைக்காரியின் மந்திரமாகக் கைமாறிய விந்தையை நாம் கவனிக்க வேண்டும். பிற்காலத்துத் திரை ஆயாக்கள் பலர் இந்தப் பொய்யான டிட்யூபாவின் பேத்திகளே என்பது என் கருத்து.

சட்டமும் இவ்வாறே அஞ்சியது. ஜமைக்காவில் 1760இல் அடிமைகளின் பெருங்கிளர்ச்சி ஒன்று ஒடுக்கப்பட்ட கையோடு, ‘ஒபியா’ என்னும் ஆப்பிரிக்க வழி மாந்திரிகம் குற்றமாக்கப்பட்டது. மூலிகையும் இறகும் மண்ணும் கலந்த ஒரு முடிச்சைத் தோட்ட முதலாளிகள் ஆயுதம் என்று கருதினார்கள். தம் உணவைச் சமைப்பதும் தம் பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பதும் யாருடைய கைகள் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

இனித் திரைக்கு வருவோம். 1976இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய ‘தி ஓமன்’ படத்தில், முதல் ஆயா குழந்தையின் பிறந்தநாள் விருந்தில் எல்லோர் கண்முன்னும் தூக்கிட்டு இறந்தபின், பில்லி வைட்லா நடித்த திருமதி பேலாக் வந்து சேர்கிறாள். அவளை வரவழைத்தது தாயா, தந்தையா என்பது இருவருக்குமே தெரியவில்லை. படத்தின் நாய்களையும் மின்னலையும்விட அந்த ஒரு குழப்பம் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. ஆயினும் பேலாக் தொழும் சாத்தான் கிறித்தவ வேதநூலிலிருந்து வந்தவன். எந்த ஊர் மக்களின் நம்பிக்கையும் அவளிடம் இல்லை. ‘தி எக்ஸார்சிஸ்ட்’ எடுத்த வில்லியம் ஃபிரெட்கின் 1990இல் எடுத்த ‘தி கார்டியன்’ படத்தில், ஆயா கைக்குழந்தைகளை ஒரு மரத்துக்குப் பலி கொடுக்கிறாள். தந்தை இயந்திர ரம்பத்தோடு போய் வெட்ட, மரம் இரத்தம் சிந்துகிறது. பண்டைய ட்ரூயிட் பூசாரிகளின் பெயரைப் படம் இழுத்தாலும், அந்த மந்திரத்துக்கு உரிய மக்களும் இல்லை, அதற்கு ஒரு காரணமும் இல்லை. மரத்தைப் பற்றிய படத்துக்கு வேர் இல்லாமல் போனதுதான் அதன் குறை.

வேர் உள்ள படம் 2005இல் வந்த ‘தி ஸ்கெலிட்டன் கீ’. அதன் முடிவை நான் இங்கே சொல்லத்தான் போகிறேன். பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும். லூசியானாவின் சதுப்பு நிலத்து மாளிகை ஒன்றில், பக்கவாதம் தாக்கிய முதியவரைப் பராமரிக்க ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண் வேலைக்குச் சேர்கிறாள். அந்த வீட்டில் ஹூடூ நடமாடுகிறது. வூடூ கடவுளரும் சடங்குகளும் கொண்ட சமயம். ஹூடூவோ வேர், மூலிகை, எலும்பு, வேண்டுதல் ஆகியவற்றைக் கொண்டு அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்தெடுத்த கைமுறை. முன்னொரு காலத்தில் அங்கே வேலைக்கிருந்த கறுப்பினத் தம்பதியர், எசமானரின் இரு பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுத்தார்கள் என்று விருந்தினர் கூட்டம் அவர்களை மரத்தில் தூக்கிலிட்டது. ஆனால் அதற்குள் உயிர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்திருந்தன. வேலைக்காரர்களைக் கொல்வதாக எண்ணி அந்தக் கூட்டம் தூக்கிலிட்டது எசமானரின் பிள்ளைகளையே. அன்றிலிருந்து அந்தத் தம்பதியர் உடல் மாறி உடல் மாறி எசமானராக வாழ்ந்து வருகிறார்கள்.

இதில் ஒரு நுட்பமான விதி உண்டு. நம்பாதவரை இந்த மந்திரம் தீண்டாது. ஆகவே படம் முழுவதும் அந்தப் பெண்ணை நம்பவைக்கும் வேலைதான் நடக்கிறது. நோயாளியின் மனநிறைவுக்காகத்தான் செய்கிறேன் என்று முதலில் வாசற்படியில் செங்கற்பொடி தூவுகிறாள். பிறகு தன் அச்சத்துக்காகத் தூவுகிறாள். கடைசியில் தன்னைக் காத்துக்கொள்ள அவளே வரைந்த வட்டம் அவளைச் சிறைப்பிடிக்கும் பொறியாகிறது. நம்பிக்கை என்பது மெல்ல மெல்லப் பழகும் ஒரு கைப்பழக்கம் என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய திகில் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. எனினும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது: தூக்குக்குக் குறிவைக்கப்பட்டவர்களின் பழிவாங்கலை, படம் இறுதிவரை பலியாகும் வெள்ளைக்காரப் பெண்ணின் கண்வழியாகவே பார்க்கிறது.

குவாத்தமாலாவின் ஹைரோ புஸ்தமாந்தே 2019இல் எடுத்த ‘லா யொரோனா’ அந்தப் பார்வையைச் சற்றே திருப்பியது. மாயா இன மக்களைக் கொன்று குவித்த முதிய தளபதி ஒருவனுக்கு எதிரான தீர்ப்பு ரத்தாகிறது. நாட்டின் முன்னாள் அதிபர் ரியோஸ் மோன்ட்டுக்கு 2013 மே மாதம் விதிக்கப்பட்ட 80 ஆண்டுச் சிறைத் தண்டனை பத்தே நாளில் ரத்தானதைப் படம் நினைவூட்டுகிறது. வேலையாட்கள் அஞ்சி ஓடிய அந்த வீட்டுக்கு அல்மா என்ற பழங்குடிப் பெண் வருகிறாள். தளபதியின் பேத்திக்கு, நீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்ளக் கற்றுத் தருகிறாள். அல்மாவின் பிள்ளைகள் நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டவர்கள் என்பது பின்னரே நமக்குத் தெரிகிறது. மற்ற படங்களில் கொலைமுயற்சியாகத் தெரிந்திருக்கக்கூடிய காட்சி, இங்கே ஒரு தாயின் பிந்திய கவலையாகத் தெரிகிறது.

முழுமையாகத் திருப்பியவர் நிக்யாட்டு ஜூசு. 2022இல் சன்டான்ஸ் விழாவின் அமெரிக்கக் கதைப்படப் பிரிவில் நடுவர் குழுவின் முதற்பரிசைப் பெற்ற அவருடைய ‘நானி’ படத்தில், நியூயார்க்கின் வசதியான வீடொன்றில் ஆயிஷா என்ற செனகல் பெண் ஆயாவாக இருக்கிறாள். ஊரில் விட்டுவந்த தன் மகனை அழைத்துக்கொள்ளப் பணம் சேர்க்கிறாள்; எசமானியம்மாளோ சம்பளத்தை இழுத்தடிக்கிறாள். தாய் தரும் உணவைத் தள்ளிவிடும் அந்த வீட்டுச் சிறுமி, ஆயிஷாவின் சமையலை ஆசையோடு உண்கிறாள். மேற்கு ஆப்பிரிக்க மக்களின் நீர்த்தெய்வமான மாமி வாட்டாவும் தந்திரச் சிலந்தியான அனான்சியும் ஆயிஷாவின் கனவுகளில் நுழைகின்றனர். அவர்கள் அவளைக் கெடுக்க வந்தவர்களல்லர், அவள் அறிய வேண்டிய ஒன்றைச் சொல்ல வந்தவர்கள். அவளுடைய மகன் ஏற்கெனவே நீரில் மூழ்கி இறந்துவிட்டான். பிறர் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த காலத்தில் தன் பிள்ளை போய்விட்டான் என்பதே இங்கே பேய். படத்தின் கடைசிப் பகுதி அவசரப்படுகிறது என்று குறை சொல்லலாம், நானும் சொல்வேன்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி எனத்தக்க படத்தை யாரும் பேய்ப்படம் என்று அழைப்பதில்லை. செனகலின் உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த ‘லா நுவார் தெ’ ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும். செனகலின் தலைநகர் டாக்கரில் பிரெஞ்சுக் குடும்பமொன்றின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டியுவானா, வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அவர்களுக்கு ஒரு மரமுகமூடியைப் பரிசளிக்கிறாள். பிரான்சுக்கு அழைத்துச் செல்லப்பட்டவள் அங்கே சமையற்காரியாகவும் துப்புரவுக்காரியாகவும் அடைபட்டுப் போகிறாள். முகமூடி வெள்ளைச் சுவரில் தனியாகத் தொங்குகிறது. குளியல் தொட்டியில் அவள் தன்னுயிரைப் போக்கிக்கொள்கிறாள். பெட்டியையும் முகமூடியையும் பாக்கிச் சம்பளத்தையும் எடுத்துக்கொண்டு எசமான் அவள் ஊருக்கு வருகிறான். தாய் அந்தப் பணத்தைத் தொட மறுக்கிறாள். அவன் திரும்பி நடக்கும்போது, ஒரு சிறுவன் அந்த முகமூடியை முகத்தில் வைத்துக்கொண்டு அவனைப் பின்தொடர்கிறான். எந்த மந்திரமும் உச்சரிக்கப்படவில்லை. எசமான் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடையைக் கூட்டுகிறான். அவனுடைய கார் கிளம்பிச் சென்றபின், சிறுவன் முகமூடியை மெல்லக் கீழே இறக்குகிறான்.