ஆபரேஷனுக்குக் கட்டிய இன்சூரன்ஸ் கம்பெனி ரீஹேப்புக்குக் கட்ட மறுத்தால்?

அடுத்த கேள்வி, சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. அம்மாவுக்கு வயது 66. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாற்று மூட்டு வைத்திருக்கிறார்கள். அதற்கு மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவ இன்சூரன்ஸ், கட்டிவிட்டது. அப்புறம் இரண்டு வாரம் வார்டில் வைத்தே ரீஹேப், அதாவது மறுபடி நடக்க வைக்கும் சிகிச்சை, செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்ல, கம்பெனி ஜிஎல் (செலவை ஏற்பதாக மருத்துவமனைக்குக் கொடுக்கும் உத்தரவாதக் கடிதம்) தரவில்லை. 'பாலிசியில் வராது' என்று ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டதோடு சரி. இனி என்ன செய்வது என்கிறார்.

தம்பி, அந்த ஒரு வரியைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனியிடமிருந்தே கடிதம் வர வேண்டும். பாலிசியின் எந்தப் பிரிவைக் காட்டி மறுக்கிறார்கள் என்று அதில் இருக்க வேண்டும். போனில் சண்டை போட்டுப் பயனில்லை, மின்னஞ்சலில் கேளுங்கள். ஜிஎல் இல்லை என்றாலே கிளேம் போய்விட்டது என்றும் நினைக்க வேண்டாம். நாம் கட்டிவிட்டு, ரசீதையும் மெடிக்கல் ரிப்போர்ட்டையும் வைத்துப் பிறகு கேட்கலாம். ஆனால் கிடைக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. நகையை அடகு வைத்துக் கட்டுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

இந்த மாதிரி மறுப்பில் அடிக்கடி காட்டப்படும் பிரிவு 'ரெஸ்ட் கியூர்', அதாவது சும்மா ஓய்வுக்காகத் தங்குவது. நம் டாக்டர்களும் தெரியாமலே அதற்கு வழி விட்டுவிடுகிறார்கள். 'நோயாளிக்கு ஓய்வும் பராமரிப்பும் தேவை' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கம்பெனிக்கு அது போதும்!

எனவே மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்த டாக்டரையே போய்ப் பாருங்கள். அந்தப் பிரிவுக்குப் பதில் சொல்லும்படி புதுக் கடிதம் கேளுங்கள். அம்மாவால் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தனியாக மாற முடிகிறதா, வாக்கர் பிடித்து எத்தனை அடி நடக்கிறார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை பிசியோ, வார்டில் இல்லாமல் வீட்டில் செய்தால் என்ன ஆபத்து, எல்லாம் அதில் வர வேண்டும். வீட்டு நிலைமையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தோட்டத்து வீடு, வாசலில் படி, குந்தி உட்காரும் கழிவறை என்றால் அது பெரிய விஷயம். மாற்று மூட்டு வைத்த புதிதில் குந்தினால் மூட்டு நழுவிவிடலாம். கோலாலம்பூரில் ஃபைல் பார்ப்பவருக்கு உங்கள் வீட்டுக் கழிவறை எப்படித் தெரியும்? பிசியோ எழுதிவைக்கும் தினக் குறிப்பின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.

பாலிசி புத்தகத்தில் இன்னொரு இடத்தையும் பாருங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்திய சிகிச்சை என்று ஒரு சலுகை பல கார்டுகளில் உண்டு, நாள் கணக்கு வைத்திருப்பார்கள். வார்டில் தங்குவதற்குக் கடைசி வரை மறுத்தாலும், வெளிநோயாளியாகப் போய்ச் செய்யும் பிசியோவுக்கு அதில் இடம் இருக்கலாம். அதைத் தனியாகக் கேளுங்கள்.

முறையீட்டைக் கம்பெனியின் புகார் பிரிவுக்கு அனுப்புங்கள், மலாயில் எழுதினாலும் போதும். பாலிசி அம்மா பெயரில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் வேண்டும்.

கம்பெனி கடைசி முடிவாகவும் மறுத்துவிட்டால், அல்லது 60 நாளாகியும் பதிலே இல்லை என்றால், நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மேன் சேவைக்குப் போகலாம். எஃப்எம்ஓஎஸ் என்பார்கள், முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது. 2025 ஜனவரி முதல் இந்தப் பெயர். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா மேற்பார்வையில் இருக்கிறது, பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வக்கீலும் தேவையில்லை. கடைசி முடிவுக் கடிதம் வந்த 6 மாதத்துக்குள் போய்விட வேண்டும், அந்தத் தேதியை மட்டும் தவற விடாதீர்கள். அவர்கள் இறுதியாகச் சொல்லும் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனி கட்டுப்பட்டே ஆக வேண்டும். உங்களுக்குப் பிடிக்கவில்லையா, நீதிமன்றம் போகும் வழி திறந்தேதான் இருக்கும்.

இதற்கெல்லாம் மாதக் கணக்கில் ஆகும், அம்மாவின் கால் அதுவரை காத்திருக்காது. டாக்டரிடம் ரெஃபரல் கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனையில் பிசியோவை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள், தனியாரோடு பார்த்தால் செலவு மிகக் குறைவு. அங்கே போனால் கேஸ் பலவீனமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே எழுதும் குறிப்புகளும் உங்கள் ஃபைலுக்குத்தான் சேரும்.