ஒரே கயிற்றில் இருவர்: சியாச்சின் படி எப்படி நிர்ணயிக்கப்படுகிறது?

[காட்சி: பனிப்பாறையில் வரிசையாக நகரும் ரோந்துக் குழு]

வணக்கம். இந்தியாவின் வடகோடியிலுள்ள சியாச்சின் பனிப்பாறையில் ரோந்து செல்லும் வீரர்கள் ஒருவரோடு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நடப்பார்கள். புதுப்பனி மூடி மறைத்த பிளவுக்குள் ஒருவர் விழுந்தால், மற்றவர்கள் பனியில் காலூன்றி அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் கயிறு. அதே கயிற்றில் அதிகாரியும் இருப்பார், சிப்பாயும் இருப்பார்.

1984 ஏப்ரல் 13 அன்று தொடங்கிய மேக்தூத் நடவடிக்கையின் மூலம் இந்திய ராணுவம் அங்கே நிலைகொண்டது. அதன்பின் எதிரியின் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் பறித்த உயிர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலையின் மீது பனிச்சுவர் சரிந்ததில் புதையுண்டு, பின்னர் உயிரிழந்த 10 பேரில் நால்வர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

[காட்சி: ஒன்பது கட்ட அட்டவணை]

இத்தகைய பணிக்குச் சம்பளத்துக்கு மேல் தரப்படும் சிறப்புத் தொகையான படி எவ்வளவு இருக்க வேண்டும்? நீதிபதி அசோக் குமார் மாத்தூர் தலைமையிலான மத்திய அரசின் ஏழாவது ஊதியக் குழு, 2015 நவம்பரில் அளித்த அறிக்கையில், அதுவரை சிதறிக் கிடந்த பல படிகளை ஒரே அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆபத்துக்கு மூன்று நிலை, இன்னலுக்கு மூன்று நிலை. ஆக ஒன்பது கட்டங்கள். நக்சல் பகுதிகளில் பணியாற்றும் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் சிறப்புப் பிரிவான கோப்ரா வீரர்கள் அதன் உச்சக் கட்டத்தில் வைக்கப்பட்டார்கள். 2017-இல் அவர்களுக்கான படி 17,300 முதல் 25,000 ரூபாய் வரை ஆனது. சியாச்சின் மட்டும் அந்த ஒன்பதுக்கும் மேலே, தனிக் கட்டமாக நின்றது.

சியாச்சினுக்குக் குழு பரிந்துரைத்தது அதிகாரிகளுக்கு மாதம் 31,500 ரூபாய், மற்ற வீரர்களுக்கு 21,000 ரூபாய். முப்படைகளின் அதிருப்திக்குப் பிறகு, 2017 ஜூலை முதல் மத்திய அரசு அதை 42,500 என்றும் 30,000 என்றும் உயர்த்தியது. அதிருப்திக்கு நியாயமான காரணம் இருந்தது: வடகிழக்கு மாநிலங்களில் பணியாற்றும் குடிமைப் பணி அதிகாரிகளுக்கான சிறப்புப் படி அப்போது அடிப்படைச் சம்பளத்தின் விழுக்காடாகக் கணக்கிடப்பட்டதால், உயர்பதவியில் இருப்பவருக்கு அது சியாச்சின் படியையே மிஞ்சக்கூடியதாக இருந்தது.

தொகை உயர்ந்ததை மனமார வரவேற்கலாம். ஆனால் பொறுப்புக்கும் பதவிக்கும் உரிய வேறுபாடு சம்பளத்திலேயே வந்துவிட்ட பிறகு, ஒரே கயிற்றில் நடக்கும் இருவருடைய ஆபத்துக்கு 2017-இல் 12,500 ரூபாய் வித்தியாசம் வைத்தது ஏன் என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் எனக்கு விடை கிடைக்கவில்லை. மேலும், இந்தப் படி இடத்துக்கு உரியதே தவிர ஆளுக்கு உரியதன்று. பனிக்கடியால் விரலை இழந்த வீரர் கீழே வேறு பணிக்கு மாற்றப்பட்டால் படி நின்றுவிடும்; ஓய்வூதியக் கணக்கிலும் அது சேராது. ஓய்வூதியத்தில் சேர்வது, எல்லைக்குச் சென்றாலும் செல்லாவிட்டாலும் கிடைக்கும் ராணுவச் சேவை ஊதியம்தான். துணை ராணுவப் படையினருக்கு அதுவும் இல்லை.

[காட்சி: கூட்டத்தின் முன் நிற்கும் காவலர்கள்]

காவல்துறை மாநிலப் பட்டியலில் இருப்பதால், காவலர்களுக்கான தொகையை அந்தந்த மாநில அரசே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் இதன் பெயர் இடர்படி. 2021-இல் மாதம் 800 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்படும் என்று அரசு அறிவித்தது. உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு இது மிகக் குறைவு. இருந்தாலும், முன்வரிசையில் லத்தியோடு நிற்கும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் அவர் அருகில் நிற்கும் ஆய்வாளருக்கும் இங்கே எழுதப்பட்டிருப்பது ஒரே தொகை.