கட்சிக்காரர் கையில் சிஎன்ஆர் எண்

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வக்கீல் காதில் தினமும் விழுகிற கேள்வி சட்டத்தைப் பற்றியது அல்ல. "ஐயா, நம்ம கேஸ் என்னாச்சு, அடுத்த வாய்தா எப்போ?" என்பதுதான். முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு பெண் இதைக் கேட்க பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. வந்து நின்றால், நீதிபதி விடுப்பு, அடுத்த மாதம் வாருங்கள் என்று குமாஸ்தா சொல்லியனுப்புவார். வக்கீல்கள் இணையத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பேசச் சொன்னார்கள். அந்தப் பெண்ணின் பஸ் பயணத்தைக் குறைப்பதுதான் முதல் பயன் என்பேன்.

கீழமை நீதிமன்றங்களில் பதிவாகும் வழக்குகளுக்கு சிஎன்ஆர் எண் என்று ஒன்று தருகிறார்கள். எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்டது. நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் செயலியில் அதை அடித்தால் அடுத்த வாய்தா, வழக்கின் நிலை, முந்தைய வாய்தாக்களில் நடந்தது எல்லாம் வரும். ஏற்றப்பட்ட உத்தரவுகளையும் படிக்கலாம். வழக்குக்கு எண் கிடைத்த அன்றே இதை ஒரு தாளில் எழுதிக் கட்சிக்காரரிடம், அதாவது நம்மிடம் வழக்கைத் தந்தவரிடம், கொடுத்துவிட வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் அண்ணன் திசையன்விளையிலும் தம்பி மும்பை தாராவியிலும் இருந்தால், இருவருக்கும் ஒரே தகவல் போய்ச் சேரும். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லவில்லை என்ற சண்டையும் மிச்சம்.

எல்லாவற்றையும் கட்சிக்காரரே பார்த்துவிட்டால் நமக்கு என்ன மரியாதை என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். திரையில் வருகிற சுருக்கெழுத்துகளுக்கு அர்த்தம் சொல்ல எப்படியும் வக்கீல்தான் வேண்டும். உண்மையில் பயப்பட வேண்டியவர், சம்மன் அனுப்புவதற்கான பேட்டா கட்டணத்தைக் கட்ட மறந்த வக்கீல்தான்; அந்தக் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

நம் பக்கத்து சிவில் வழக்குகளில் பெரும்பாலானவை நிலத்தைச் சுற்றியே வரும். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கத்தையும், வருவாய்த்துறைத் தளத்தில் பட்டா, சிட்டா, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தையும் பார்த்துவிட்டு வழக்குரை எழுத உட்காருவது நல்லது. சர்வே எண்ணின் உட்பிரிவு மாறியிருப்பது அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் பதிவு செய்யாத உயிலும் வாய்மொழிப் பாகமும் வில்லங்கத்தில் வராது. கணினியில் ஏறாத பழைய பதிவுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடத்தான் வேண்டும். தாய்ப்பத்திரத்தை, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்தை, கையில் வாங்கிப் பார்ப்பதை எந்தத் தளமும் மிச்சப்படுத்தாது.

அடுத்து, இப்போது கோர்ட்டுக்கு வருகிற சாட்சியத்தில் பாதி செல்போனுக்குள் இருக்கிறது. கடன் வாங்கியவர் வாட்ஸ்அப்பில், "அண்ணாச்சி, ஆடி முடியட்டும், தந்துவிடுகிறேன்" என்று எழுதியிருப்பார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிரிண்ட் போட்டு, வழக்குக் கட்டோடு சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, நகலோடு ஒரு சான்றிதழும் வேண்டும். அது இரண்டு பாகம். முதலாவதை நகல் தருகிறவர் நிரப்ப வேண்டும். இரண்டாவதை நிபுணர் நிரப்ப வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு நீண்ட குறியீடு. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது வேறாகிவிடும்.

ஆகவே முதல் சந்திப்பிலேயே கட்சிக்காரரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். ஒன்று, வழக்கு முடிகிறவரை அந்தப் போனைத் தீபாவளி எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். செய்தி முதலில் வந்த கருவியே கையில் இருந்தால் வேலை பாதி சுலபம். இன்னொன்று, புகைப்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த நேரம், இடம் பற்றிய உள்விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். ஹாஷ் கணக்கிடும் இலவச மென்பொருள்கள் உண்டு. ஜூனியர்கள் ஒரு மாலையில் பழகிக்கொள்ளலாம்.

சரி, ரகசியம்? கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியிடக் கூடாது என்பதை அதே சட்டத்தின் 132-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கோர்ட் வாசல் பிரவுசிங் சென்டரில் விவாகரத்து மனுவை ஸ்கேன் செய்துவிட்டு, அந்தக் கணினியிலேயே விட்டுவிட்டு வருகிறோம். மின்னஞ்சலிலிருந்து வெளியேறுவதும் இல்லை. கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் எதிர்த்தரப்பு உறவினராகவும் இருக்கலாமே! மூன்று நான்கு பேர் சேர்ந்து அலுவலகத்துக்கு ஒரு ஸ்கேனர் வாங்குவது பெரிய செலவில்லை.

தீர்ப்புகளைத் தேட இனிப் பெரிய நூலகம் வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பு 2023 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுகிறவர்கள் மட்டும் கவனிக்கவும்: அதே 2023-இல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனை செய்து தந்த தீர்ப்புகளை மனுவில் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பைத் திறந்து முழுதாகப் படிக்காமல் மேற்கோள் காட்டுவது எந்தக் காலத்திலும் வம்புதான்.

இளையவர்கள் கடைசியாகக் கேட்பது, இணையத்தில் நம்மைக் காட்டிக்கொள்ளலாமா என்று. வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 36-ஆம் விதி வக்கீல் விளம்பரத்தைத் தடை செய்கிறது. 2008-இல் வந்த தளர்வின்படி சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்ளலாம். அதில் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், படிப்பு, எந்த வகை வழக்கு என்பது போன்ற விவரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இணைய நிறுவனங்கள் வழியே வழக்குப் பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. ஜெயித்த வழக்குகளைப் பட்டியல் போட்டு ரீல்ஸ் விடுகிற தம்பிகள், அந்த உத்தரவை ஒருமுறை படித்துவிட்டு அப்புறம் கேமராவை எடுக்கட்டும்.

வணக்கம்.