வரிசையில் நின்ற நேரம் யாருடைய கைக்குப் போனது?

(பட்டிமன்றத் தலைப்பு: தட்டுப்பாட்டுக் காலத்தில் நீதியாகப் பங்கிடுவது வரிசையா, விலையா? ‘விலையே’ அணியின் இரண்டாவது உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரே இருந்து முறைத்துக்கொண்டிருக்கும் ‘வரிசையே’ அணியினரே, கோயில் வீதியில் பாய் விரித்து இருக்கும் பெரியோரே, தாய்மாரே, வணக்கம்.

விலையின் பக்கம் பேச ஏறுகிறவருக்கு இந்த ஊரில் கைதட்டுக் கிடைக்காது. தெரிந்துகொண்டுதான் ஏறியிருக்கிறோம்.

எதிரணித் தம்பி அழகாகச் சொன்னார்: “வரிசை காசு பார்க்காது. முதலாளியும் நிற்பார், முட்டை வியாபாரியும் நிற்பார்.” ஐயா, இலங்கை முழுக்க எரிபொருள் தட்டுப்பட்ட 2022 ஜூனில் எந்தப் பெற்றோல் செட்டில் முதலாளி நின்றார்? முதலாளியின் கார் நின்றது. உள்ளே சாரதி படுத்திருந்தார். சாரதி இல்லாத வீட்டுக்காரர் ஒரு பெடியனைக் கூலிக்குப் பிடித்து இருத்தினார். முட்டை வியாபாரிதான் தானே நின்றார். அவர் நின்ற நேரம் முட்டை விற்கவில்லை.

அதை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒரு மேசனுக்கு நாட்கூலி 3,000 ரூபா என்று வையுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் அடிக்கிறார். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, ஆகவே 1,880 ரூபா. அந்த 4 லீற்றருக்காக ஒன்றரை நாள் நின்றால் 4,500 ரூபா கூலி போய்விட்டது. எல்லாம் சேர்த்து 6,380. பலகையில் எழுதியிருப்பது 470, மேசன் கொடுத்தது லீற்றருக்கு 1,595.

இப்போது கேட்கிறேன்: 470 ரூபா செட்டுக்குப் போனது, அங்கிருந்து அடுத்த கப்பலுக்குப் போகலாம். மிச்சம் 1,125 ரூபா யாருடைய கைக்குப் போனது? ஒருவருடைய கைக்கும் போகவில்லை. வெயிலுக்குப் போனது. கள்ளச்சந்தைக்காரனுக்குக் கொடுத்திருந்தாலாவது கள்ளன் சாப்பிட்டிருப்பான். வரிசையும் ஒரு விலைதான் ஐயா. ஆனால் கொடுக்கிறவர் உண்டு, வாங்குகிறவர் இல்லாத விலை.

“470க்கு ஏற்றியும் வரிசை குறையவில்லையே, உங்கள் விலை என்ன கிழித்தது?” என்று எதிரணித் தலைவி கேட்டார். சரியான கேள்வி. அதற்கு விடை சுன்னாகத்துச் செட்டில் இல்லை, டொலரில் இருக்கிறது. பெற்றோல் கப்பல் கொழும்புக் கடலில் வந்து நின்றும், இறக்கக் காசு கட்ட டொலர் இல்லாமல் காத்துக் கிடந்தது. டொலர் ஏன் இல்லை? கடன், சுற்றுலா வீழ்ச்சி என்று பல காரணம். அதில் ஒன்று எங்கள் எல்லோர் வீட்டு வாசலாலும் நடந்துபோன காரணம்.

2021 செப்டெம்பர் தொடக்கம் 2022 மார்ச் ஆரம்பம் வரை ஒரு டொலர் ஏறக்குறைய 203 ரூபாவுக்கு மேல் போகக்கூடாது என்று பிடித்து வைத்திருந்தார்கள். வெளியில் உண்டியல்காரர் 240 தந்தார் என்று வையுங்கள். வெளிநாட்டிலிருந்து 500 டொலர் அனுப்புகிற மகன் வங்கியால் அனுப்பினால் தாய்க்கு 101,500, உண்டியலால் அனுப்பினால் 120,000. பதினெட்டாயிரத்து ஐந்நூறு வித்தியாசம். எந்தத் தாய் “வங்கியாலை அனுப்படா” எண்டு சொல்லுவா? உண்டியல் என்றால் என்ன நடக்கிறது என்று இந்த வீதியில் விளக்கத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: மகன் கொடுத்த காசு அந்த நாட்டிலேயே நின்றுவிடும், இங்கே ஒருவர் மோட்டார் சைக்கிளில் ரூபாவைக் கொண்டுவந்து எண்ணித் தருவார். டொலர் நாட்டுக்குள் வரவே வராது. வெளிநாட்டிலிருந்து வேலை செய்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. விலையைப் பூட்டினார்கள், பணம் வேலிக்கு மேலால் பாய்ந்தது. பெற்றோல் வரிசையின் தலை அங்கே இருக்கிறது. செட்டில் நாங்கள் கண்டது வால். மார்ச்சில் பூட்டைத் திறந்ததும் டொலர் மே மாதத்துக்குள் 360 வரை போனது. வலித்தது, உண்மை. போன நம்பிக்கை உடனே திரும்பவும் இல்லை. ஆனால் 2023இல் அந்தத் தொகை ஏறக்குறைய 6 பில்லியனுக்கு ஏறியது.

அடுத்தது மண்ணெண்ணெய். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எதிரணி கண்ணீர் விட்ட இடம் இதுதான்.

2022 ஆகஸ்ட் 21 வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. அன்றைக்கு டீசல் 430. ஒரே நிரையில் இரண்டு பம்பு, நடுவில் 343 ரூபா. இரண்டும் எந்த அளவிலும் கலக்கும், பிரிந்து நிற்காது, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு பஸ் தாங்கிக்குள் 20 லீற்றர் மண்ணெண்ணெய் கலந்தால் 6,860 ரூபா இலாபம். பஸ் இயந்திரத்துக்குள் இருக்கும் டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசல்தான் வழுக்கல் எண்ணெயும். மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கல் போதாது, பம்பு தேயும். ஆனால் பம்பு தேய்வது ஆறு மாதம் கழித்து, 6,860 கிடைப்பது இன்றைக்கு.

இப்போது யாழ்ப்பாணக் கரையில், குருநகரிலோ பாசையூரிலோ ஒரு மீன்பிடிப் போட்டைப் பாருங்கள். வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் வராது. முதலில் பெற்றோலில் எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஆகவே போட்டுக்காரருக்கு அன்றைக்கு ஒரு வரிசை அல்ல, இரண்டு வரிசை. அதிலும் கானுக்குப் பெற்றோல் அடிக்கக்கூடாது என்று அப்போது தடை. மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் அடித்து, ரியூப் விட்டு வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. பின்னேரம் வலை விட்டு, விடியப்புறம் மீன் கரைக்கு வந்தால்தான் சந்தையில் விலை. வரிசை இரவோடு இரவாக நகர்ந்தால், கான் நிறையும்போது கடலுக்குப் போகும் நேரம் போய்விடும். தொழிலுக்குப் போகாத நாளில் 87 ரூபா என்ன, சும்மா தந்தால் என்ன?

விலை ஒரே இரவில் 340 ஆனது. 25 லீற்றர் எரிக்கிற பயணத்துக்கு 2,175 ரூபா, 8,500 ஆகிவிட்டது. 6,325 ரூபா கூட. “இது கொலை” என்றார் எதிரணித் தம்பி. அடி பலமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 6,325ஐ எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. பம்பில் விலையைக் குறைத்தால் போட்டுக்கும் குறையும், பஸ் தாங்கிக்கும் குறையும். போட்டுக்கோ இலக்கம் இருக்கிறது. கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு இருக்கிறது, அந்த இலக்கம் அணியத்தில், அதாவது போட்டின் முன்பக்கத்தில், பெயின்றால் எழுதியிருக்கிறது. இலக்கத்துக்கு இவ்வளவு என்று வங்கிக் கணக்கில் காசைப் போட்டிருக்கலாம். காசு வந்தவர் விரும்பினால் மண்ணெண்ணெய் வாங்குவார், இல்லையென்றால் பாய் கட்டி ஓடுவார், அது அவருடைய புத்தி.

இங்கே அரசாங்கத்தை நாங்களும் விடப்போவதில்லை. விலை ஏறியது 2022 ஆகஸ்ட். ஏழைகளுக்குக் காசு நேரே வங்கிக்குப் போகிற அஸ்வெசும தொடங்கியது 2023 ஜூலை. அப்போது மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000, வறியவருக்கு 8,500. முதலில் வந்திருக்க வேண்டிய வண்டி பதினொரு மாதம் பிந்தி வந்தது. அதிலும் பெயர் விடுபட்டவர்கள் மேன்முறையீட்டுப் படிவத்தோடு பிரதேச செயலகத்தில் நின்றார்கள். அதுவும் வரிசைதான், பார்த்தீர்களா?

பால்மாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டு விலை இருந்தபோது கடையில் பால்மா இல்லை. தெரிந்த முகத்துக்கு மட்டும் மேசைக்குக் கீழே இருந்து வந்தது, அதுவும் “இன்னும் ரெண்டு சாமான் சேர்த்து எடுங்கோ” என்ற நிபந்தனையோடு. 2021 ஒக்டோபரில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், 400 கிராம் பெட்டி 380இலிருந்து 480 ஆனது. முகம் தெரியாதவருக்கும் பெட்டி கிடைக்கத் தொடங்கியது.

எதிரணி இரண்டு நல்ல அம்பு விட்டது. ஒன்று, யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாத தொண்ணூறுகளின் தடைக்காலம். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளை எழுப்பச் சொட்டுப் பெற்றோல் தேடிய காலம், சங்கக்கடைப் பங்கீட்டு அட்டை எங்களைக் காப்பாற்றிய காலம். அந்த அம்பை அப்படியே ஏற்கிறோம். பாதை பூட்டிய முற்றுகைக்குள் விலை ஏறினால் சாமான் கூடாது, இருக்கிற சாமான் இருக்கிறவன் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுப்பதே சரி. பெரியாஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் விலை ஆகாது. கவனியுங்கள், அங்கே வரிசையும் ஆகாது. நெஞ்சுவலிக்காரரை “பின்னுக்கு நில்லுங்கோ” என்று சொல்வதில்லை.

2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிட வந்த கியூஆர் அட்டையையும் வரிசையின் கணக்கில் எழுதினார்கள். வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அது வரிசையை ஒழித்த அட்டை ஐயா, வரிசையின் பிள்ளையல்ல! அது நின்று பிடித்ததற்கும் விலைதான் முட்டுக்கொடுத்தது. பெற்றோல் பழைய 177 ரூபாவிலேயே இருந்திருந்தால், ஓடாத மோட்டார் சைக்கிளின் கியூஆரைக்கூட வாடகைக்கு விட்டிருப்போம். எங்கள் சனத்தின் கெட்டித்தனம் உங்களுக்குத் தெரியாததா?

மற்ற அம்பு நல்லூர் முருகன் கோயிலிலிருந்து வந்தது. “அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா, காசு கூடக் கொடுத்து முன்னுக்குப் போக முடியாது, பாருங்கள் வரிசையின் மாண்பை” என்றார் தலைவி. நல்லூரானைச் சாட்சிக்கு அழைத்தால் எதிர்த்துப் பேசுவது ஆபத்து. ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒருவர் கும்பிட்டு முடித்தால் அடுத்தவருக்கு முருகன் குறைவதில்லை. செட்டுக்கு வருகிற 6,600 லீற்றர் பவுசர் அப்படியல்ல. 4 லீற்றர் வீதம் 1,650 பேருக்கு அடித்ததும் தாங்கி வறண்டுவிடும். ஆயிரத்து அறுநூற்று ஐம்பத்தோராவது ஆளுக்கு அது முதல் நாள் இரவே தெரியாது, தெரிந்திருந்தால் வீட்டில் படுத்திருப்பார். விலைப் பலகை அவருக்கு வீட்டிலேயே பதில் சொல்லும்; வரிசை வாயைத் திறப்பது பம்புக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான்.

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன். அடுத்து ஏறப்போகும் எதிரணிப் பேச்சாளர் வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. அந்த மேசன் ஒன்றரை நாள் நின்று கட்டிய 4,500 ரூபா எந்தப் பெட்டிக்குள் விழுந்தது என்று மட்டும் காட்டட்டும். காட்டினால், இந்த ஒலிவாங்கியை நானே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் இருக்கிறேன்.